கணினி ‘போச்சு’ என்பது உற்றறிதலா, ஊகமா?



வீட்டில் புதிதாகப் பொருத்திய கணினி இயங்க மறுத்தால் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் தூக்கி மகிழுந்தில் வைத்துக் கிள்ளானுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஜெராமிலிருந்து காப்பார் வழியாகப் போய், கடையில் காத்திருந்து, திரும்பி வருவதற்குள் ஓய்வுநாள் ஒன்று கழிந்துவிடும். கடைக்காரர் ஏதோ ஒரு கம்பியைச் சரியாகச் செருகுவார், கணினி இயங்கும், கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். எது கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. பிள்ளையோ பின்னிருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே திரும்பி வரும்.

காசு போனதற்காக நான் வருந்தவில்லை. அருமையான அறிவியல் பாடமொன்று வீட்டு மேசைமீது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் ஆற்றாமையோடு எழுதுகிறேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளில் பலர் தந்தையின் ஒரே கைப்பேசியில்தான் பாடம் படித்தனர். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் முறை வைத்துப் படித்தார்கள். 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தவர்களும் உண்டு. கிடைக்காமல் பழைய கணினியொன்றைத் தேடி வாங்கியவர்களும் உண்டு. அப்படி வாங்கிய பழைய கணினிகளில் பல விண்டோஸ் 10 கொண்டவை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அந்த விண்டோசுக்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய புரோசசர்களை ஏற்பதில்லை. ஆகவே, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ இணையக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி, காணொளி பார்த்து, வீட்டிலேயே கணினி பொருத்துவதை நான் அறிந்த குடும்பங்கள் சிலவற்றில் காண்கிறேன். மிக நல்ல செய்தி! சிக்கலெல்லாம் அந்தக் கடைசிக் கணத்தில்தான். பொத்தானை அழுத்துகிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. அல்லது விசிறி மட்டும் சுழல்கிறது; திரை இருட்டாகவே கிடக்கிறது.

(தாய்ப்பலகை, மின்வழங்கி, நினைவகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கடையில் மதர்போர்டு, பவர் சப்ளை, ரேம் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பெற்றோருக்குப் பயன்பட வேண்டும் என்பதால் கடை வழக்கையே இங்குக் கையாள்கிறேன். தூய தமிழன்பர்கள் பொறுத்தருள்க.)

“போச்சு டீச்சர், மதர்போர்டு போச்சு!” இப்படித்தான் பெற்றோர் சொல்வார்கள். நான் அறிவியல் பாடமும் போதிப்பவள். இதைக் கேட்டவுடன் என் மனத்தில் எழும் வினா ஒன்றுதான்: இது உற்றறிதலா, ஊகமா?

ஆசிரிய நண்பர்களுக்கு இச்சொற்களை விளக்க வேண்டியதில்லை. அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று பட்டியலிட்டு நாமே நடத்துகிறோம். உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால், ‘உற்றறிதல் ஒன்றை எழுதுக, ஊகம் ஒன்றை எழுதுக’ என்ற வினாவும், அதற்குப் பாடம் பண்ணிய விடையும் நம் வகுப்பறையைவிட்டு அகலவில்லை. செடி வாடியது உற்றறிதல். நீர் கிடைக்காதது ஊகம். பிள்ளை எழுதிவிடும், நாமும் சரி போட்டுவிடுவோம். அதே பிள்ளையிடம் வீட்டில் இயங்காத கணினி ஒன்றைக் காட்டி, “என்ன பார்க்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். “கெட்டுப்போச்சு” என்று சொல்லும். அது பார்த்ததன்று, முடிவுகட்டியது. பயிற்சி ஏட்டில் நூறு முறை பிரித்துக் காட்டிய வேறுபாடு வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பயன்படவில்லை என்றால் நாம் போதித்தது என்ன?

உற்றறிதல் என்பது இவ்வாறு இருக்கும்: பொத்தானை அழுத்தினேன், விசிறி சுழன்றது. ஐந்து வினாடியில் நிற்கவில்லை, சுழன்றுகொண்டே இருந்தது. திரையில் எழுத்து வரவில்லை. திரையின் ஓரத்திலுள்ள விளக்கு எரிகிறது. மதர்போர்டின் விளிம்பில் ஒரு சிறு விளக்கு மஞ்சளாக எரிகிறது. அதன் அருகில் ஏதோ எழுதியிருக்கிறது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன். விசிறி சுழல்கிறது என்றால் மின்சாரம் கேசிங்கிற்குள் வந்துவிட்டது. இனிச் சுவரிலுள்ள சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டா. ஓர் உற்றறிதல் ஓர் ஐயத்தை ஒழித்துவிடுகிறது பாருங்கள்.

விசிறியும் சுழலவில்லை என்றால் வேறு வழி. இங்கே ஒரு சின்ன வரலாறு தேவைப்படுகிறது. பழைய கணினிகளில் முன்பக்கப் பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல மின்சாரத்தையே நேரடியாக இணைக்கும், துண்டிக்கும். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த நிலை மாறிற்று. இன்றைய பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. அது மதர்போர்டுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். மதர்போர்டு அச்செய்தியைப் பவர் சப்ளைக்கு அனுப்ப, அது விழித்தெழுகிறது. பின்பக்கச் சுவிட்சு திறந்திருக்கும் வரையில், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டில் காத்துக்கொண்டுதான் இருக்கும். சில மதர்போர்டுகளில் அதைக் காட்டவே ஒரு சிறு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தும் பொத்தானுக்கு அசைவு இல்லையென்றால், செய்தி போகும் அந்த மெல்லிய இரட்டைக் கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தவறான ஊசிகளில் செருகப்பட்டிருக்கலாம். மதர்போர்டோடு வரும் கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பொத்தானின் கம்பியை எந்தப் பக்கமாகச் செருகினாலும் பாதகமில்லை; விளக்குகளின் கம்பிக்குத்தான் நேர், எதிர் என்ற கணக்கு.

ஐந்தாம் ஆண்டில் தொடர் மின்சுற்று போதிக்கிறோமே, ஓரிடத்தில் அறுந்தால் எல்லா விளக்கும் அணையும் என்று, அதை நினைவூட்ட இதைவிட நல்ல இடம் எது? பொத்தான், கம்பி, ஊசி, மதர்போர்டு, பவர் சப்ளை... எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பிள்ளை விரலால் தொட்டுச் சொல்லட்டும். (விரலால் தொடும்போது சுவரிலிருந்து செருகியைக் கழற்றியிருக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் வருவேன்.)

என் மாணவி ஒருத்தி ஐந்தாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. அவளுடைய அண்ணன் நான்காம் படிவம். சேமிப்புப் பணத்தில் பாகங்களை வாங்கிப் பொருத்தியிருந்தான். விசிறி சுழன்றது, திரை வரவில்லை. பையன் இணையத்தில் தேடி, கிடைத்த யோசனைகளையெல்லாம் ஒரே மூச்சில் செய்து பார்த்திருக்கிறான். கம்பிகளைக் கழற்றி மாட்டினான், மின்கலத்தைக் கழற்றினான், திரையின் கம்பியை மாற்றினான். பயனில்லை. கடையொன்றுக்குத் தொலைபேசியில் கேட்டதில், பொருளைப் பார்க்காமலேயே, மதர்போர்டு போயிருக்கும் என்று விடை வந்தது. தந்தை என்னிடம் வந்து, “புதுசு வாங்கணும் போலிருக்கு டீச்சர். ஒரு மாசம் ஓவர்டைம் பார்த்த காசு” என்றார்.

எனக்கு மதர்போர்டைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆகவே நான் அங்குப் போய் எதையும் பழுது பார்க்கவில்லை. வகுப்பில் அந்தப் பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்து, மூன்று கட்டம் போடச் சொன்னேன். பார்த்தது, நினைத்தது, மாற்றியது. ஒரு வரிசைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் அந்த வரிசையை அடித்துவிட வேண்டும். வகுப்பில் படித்த கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்பதைத்தான் வேறு பெயரில் சொன்னேன்.

அடுத்த நாள் தாள் வந்தது. மஞ்சள் விளக்கின் அருகிலிருந்த எழுத்து டிரேம். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்குகள் உண்டு. கணினி எழும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே தடங்கல். பையன் அந்த விளக்கைக் கவனிக்கவே இல்லை. தங்கை கவனித்தாள், ஏனென்றால் ‘பார்த்தது’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது! ரேம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் கையேடு காட்டிய இடத்தில் செருகினார்கள். திரையில் எழுத்து வந்தது. உடனே ஆர்ப்பரித்து நிறுத்திவிடவில்லை, தாள் இருக்கிறதே. அதைக் கழற்றிவிட்டு, மற்றதை அதே இடத்தில் செருகினார்கள். அதுவும் இயங்கியது. ஆக, ரேம் இரண்டுமே நல்லவை. பிறகு இரண்டையும் உரிய இடங்களில் அழுத்திச் செருகினார்கள். இயங்கியது.

அப்படியானால் முதலில் ஏன் இயங்கவில்லை? அவள் எழுதியிருந்தாள்: ‘ஒன்று சரியாக அழுந்தவில்லை என்று நினைக்கிறேன்.’ நினைக்கிறேன் என்ற அச்சொல்லுக்காகவே அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அது ஊகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆதாரம் உள்ள ஊகம். சில மதர்போர்டுகளில் ரேமைப் பிடிக்கும் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுபக்கம் அரைகுறையாக நின்றாலும் பார்வைக்கு உட்கார்ந்ததுபோலத் தெரியும். அண்ணனுக்குத் தங்கைமேல் இரண்டு நாள் கோபமாம்.

இங்கே என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பையனுக்கு அறிவு குறைவு என்று யாரும் எண்ண வேண்டா. கணினியைப் பற்றி என்னைவிட, அவன் தங்கையைவிட அவனுக்குப் பன்மடங்கு தெரியும். அவனுக்கு இல்லாதிருந்தது ஒழுங்கு. காணொளிகள் இருபது தீர்வுகளைத் தருகின்றன; பிள்ளைகள் இருபதையும் ஒன்றாகச் செய்கிறார்கள். இயங்கிவிட்டாலும் எதனால் இயங்கியது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மீண்டும் இருபது. நம் வகுப்பறையிலும் இதே கதைதான். கணக்கு தவறினால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்கிறோம். எந்த வரியில் தவறியது என்று தேடச் சொல்வதில்லை. நேரமில்லை என்கிறோம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே! உண்மைதான், நானும் அதே அவசரத்தில்தான் ஓடுகிறேன். ஆனால், பிழையைத் தேடும் பயிற்சிக்கு ஒதுக்காத நேரத்தை எதற்காக மிச்சப்படுத்துகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

எழுதி வைக்கும் பழக்கத்திற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. 1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் பெருங்கணினி கோளாறு செய்தது. தேடியவர்கள் உள்ளே ஒரு மின்சுவிட்சில் சிக்கிக் கிடந்த விட்டில்பூச்சியைக் கண்டார்கள். அதைத் தூக்கி எறியாமல், பணிக்குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்து அப்பூச்சியையும் ஒட்டிவைத்தார்கள். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் வழியாக இக்கதை உலகெங்கும் பரவிற்று. ‘பக்’ என்ற சொல் அதற்கு முன்பே பொறியாளரிடையே வழங்கியதுதான், அந்நிகழ்வால் பிறந்ததன்று. அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தப் பூச்சியைக் குப்பையில் போட்டிருந்தால் நாம் இன்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா? நம் பக்கத்தில் எறும்பும் பல்லியும் கணினிக்குள் குடியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இக்கதை வியப்பளிக்காது.

சரி, பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். மின்சாரம் ஆயிற்றே, பிள்ளையை எப்படி விடுவது? மிக நியாயமான அச்சம். எனவே எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். பவர் சப்ளை என்னும் அந்த இரும்புப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. பிள்ளையும் கூடாது, அப்பாவும் கூடாது. செருகியைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே இருக்கும் மின்தேக்கிகள் ஆபத்தான அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அதைத் தவிர்த்த மற்ற பாகங்களில் ஓடுவது 12 வோல்ட்டும் அதற்குக் குறைந்ததும்தான். ஆயினும் எதையும் கழற்றும் முன் சுவர்ச் செருகியை எடுத்துவிட்டு, பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை வெளியேற்றிவிட்டு, கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புரோசசர் பொருந்தும் இடத்திலுள்ள ஊசிகளைப் பிள்ளைகள் தொடாதிருப்பது நல்லது. ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு உண்மையிலேயே ‘போச்சு’தான். மாலையில் இடி முழங்கத் தொடங்கினால் அன்றைய ஆராய்ச்சியை நிறுத்திவிடுங்கள்.

இன்னோர் அச்சம், “இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்பது. இதைக் கேட்கும்போது எனக்குச் சினமே வருகிறது. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழுக்கு வழியமைத்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். கவிஞரும் தமிழாசிரியருமான முரசு நெடுமாறனின் மைந்தர். தமிழாசிரியர் வீட்டிலிருந்து அப்படியொருவர் வந்திருக்க, ரேமைக் கழற்றி மாட்டுவது தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத வேலை என்று எப்படிச் சொல்கிறோம்?

நானறிந்த வரையில், புதிதாகப் பொருத்திய கணினியில் பாகமே பழுதாக இருப்பது குறைவு. பெரும்பாலும் இணைப்புத்தான் காரணம். பவர் சப்ளையின் பின்பக்கத்தில் ஒரு சுவிட்சு இருக்கும், அதை மறந்திருப்பார்கள். பழைய பவர் சப்ளையை இரவல் வாங்கியிருந்தால் அதில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்சு இருக்கலாம். நம் நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும், மின்சாரம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அடுத்து, மதர்போர்டுக்கு இரண்டு மின்கம்பிகள் போக வேண்டும். 24 ஊசிகள் கொண்ட பெரியதை எல்லாரும் செருகிவிடுவார்கள். புரோசசருக்கென்று மேல்மூலையில் தனியே உள்ள 8 ஊசிக் கம்பியைத்தான் விட்டுவிடுவார்கள். விசிறி சுழலும், திரை வராது. கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டவர்கள் திரையின் கம்பியை அதில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். இன்டெல் புரோசசரின் எண்ணுக்குப் பின்னால் ‘எப்’ என்ற எழுத்து இருந்தால், அதனுள் படம் காட்டும் ஆற்றலே கிடையாது. மதர்போர்டில் செருகிய திரை என்றைக்கும் இருட்டுத்தான்.

புதிய வகையான டிடிஆர்5 ரேம் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. அது முதன்முறை எழும்போது தன்னைத்தானே சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இயங்காவிட்டால், தேவையானவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் கழற்றிவிடலாம். மதர்போர்டு, புரோசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை; படம் வர வேண்டுமென்றால் அதற்குரியது. மதர்போர்டைக் கேசிங்கிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்துச் சோதிப்பது நல்லது. வெளியே இயங்கி உள்ளே இயங்கவில்லையென்றால் கேசிங்கில்தான் ஏதோ இருக்கிறது. தேவையற்ற இடத்தில் மாட்டிய பித்தளைத் தாங்கி ஒன்று மதர்போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அப்போதும் இயங்கவில்லையா? தாராளமாகக் கடைக்குப் போங்கள். கடைக்காரரின் தொழிலறிவை நான் குறைத்துப் பேசவில்லை. மாற்றிப் பார்க்க வேறு பவர் சப்ளையும் வேறு ரேமும் அவரிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. மதர்போர்டின் பயோசு பழையதாக இருந்து புதிய புரோசசரை அடையாளம் காணாமல் போனால், அதைப் புதுப்பிக்கும் வசதியும் அவரிடம் இருக்கும். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த விளக்கு எரிந்தது, எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்பதைப் பிள்ளையே அவரிடம் சொல்லட்டும். ‘மதர்போர்டு போச்சு’ என்று அவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் அங்கிள் என்று பணிவாகக் கேட்கட்டும். வாங்கிய விலைச்சீட்டையும் பெட்டிகளையும் மட்டும் எறிந்துவிடாதீர்கள்; பாகம் பழுது என்று உறுதியானால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ள அவை வேண்டும்.